காரில் ஒரு டார்ச் லைட் வைக்க வேண்டும்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

புதுசா_கார் (ஓசூர்)

வணக்கம். எங்களுடையது சின்ன ஹேட்ச்பேக் கார். ஓசூரிலிருந்து சேலத்துக்கு அடிக்கடி போய் வருகிறோம், பெரும்பாலும் இரவில்தான். நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம். காருக்கென்றே ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கி, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி மாட்டிவைக்க வேண்டும் என்று ஆசை. போன் வெளிச்சத்தில் டயர் மாற்றுவது சரிப்பட்டு வரவில்லை. ஒரு கை போனுக்கே போய்விடுகிறது. சார்ஜும் இறங்குகிறது, உதவிக்குக் கூப்பிடவும் அதே போன்தான் வேண்டியிருக்கிறது.

ஆன்லைனில் தேடினால் தலை சுற்றுகிறது. 90,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டு மலிவாக ஒன்று, 400 லூமன் என்று போட்டு அதைவிட மூன்று மடங்கு விலையில் இன்னொன்று. எது உண்மை? வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவைக்கலாமா? கிளவ் பாக்ஸில் போட்டால் போதுமா, இல்லை தனியாக ஏதாவது மாட்ட வேண்டுமா? பட்ஜெட் 2,000 ரூபாய் வரை.

---

மின்பட்டறை (கோவை)

லூமனைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்தின் சூடு எந்த பேட்டரி என்று சொல்லிவிடும். அந்த இடத்தின் அளவு எந்த டார்ச் என்று சொல்லிவிடும். நிறையப் பேர் டார்ச்சை வாங்கிவிட்டுத்தான் இடம் தேடுகிறார்கள், கடைசியில் அது டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போய்ச் சேருகிறது. கார் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் எலக்ட்ரிக் லாக் உள்ள டிக்கி திறக்காது. அப்போது அங்கே டார்ச் இருந்து என்ன பயன்?

சூடு பற்றி. 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கோடை நாட்களில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டீயரிங் 53, சீட் 51. வேலூரிலும் கரூரிலும் கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி சர்வ சாதாரணம், அதனால் இந்த எண்கள் நமக்கும் பொருந்தும். அவற்றில் கவனிக்க வேண்டியது வித்தியாசத்தை. ஒரே காருக்குள் டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் இடையே 18 டிகிரி. சீட்டுக்குக் கீழே, வெயில் நேரடியாகப் படாத இடம் இன்னும் குறைவாகவே இருக்கும். அதனால் டேஷ்போர்டு மேல், கண்ணாடிக்குப் பின்னால், சன் வைசரில் செருகிவைப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இப்போது பேட்டரி. சாதாரண அல்கலைன் ஏஏ செல்லைக் காருக்குள் மாதக்கணக்கில் விட்டால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற காரம், டார்ச்சின் உள்ளே ஸ்பிரிங்கை அரித்துவிடும். பழைய மூணு கட்டை எவரெடி லைட்டைத் திறந்தால் உள்ளே பூத்துப்போய் இருக்குமே, அதே கதைதான். லித்தியம் அயான் (18650, 21700 என்று போட்டிருப்பவை) கசியாது, ஆனால் சூட்டில் சீக்கிரம் கிழடாகிவிடும். முழுச் சார்ஜில் சூட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். பெரும்பாலான லித்தியம் அயான் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்றும் 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றும் தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள்.

காரிலேயே கிடக்கப்போகிற டார்ச்சுக்கு என் முதல் தேர்வு, சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் ஏஏ. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மாதிரி. மைனஸ் 40 முதல் 60 டிகிரி வரை வேலை செய்யும், கசிவு பயம் இல்லை, வருடக்கணக்கில் சார்ஜ் பிடித்துவைக்கும். அதே 1.5 வோல்ட், அதனால் சாதாரண ஏஏ டார்ச்சிலேயே போடலாம். விலை அதிகம். ஆனால் தினமும் எரிக்கப் போவதில்லை, அவசரத்துக்கு மட்டும்தான் என்றால் அந்த விலை நியாயமானது.

90,000 லூமனுக்கு வருகிறேன். நம் கார்களில் வரும் சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு ஹை பீமில் சுமார் 1,650 லூமன், லோ பீமில் 1,000. ஒரு கைப்பிடி டார்ச் ஐம்பது ஹை பீம் பல்புகளுக்கு மேல் வெளிச்சம் தருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று ஒட்டியிருந்தாலும் தள்ளிவைத்துவிடுங்கள். நல்ல கம்பெனி 18650 செல்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 வரைதான்.

---

லோடு_வண்டி (நாமக்கல்)

மின்பட்டறை அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தங்கச்சி, நீங்கள் தேடுவது தூரம் அடிக்கிற லைட் இல்லை. டயர் மாற்ற, இன்ஜினைப் பார்க்க, கீழே விழுந்த நட்டைத் தேட, பரந்து விழுகிற வெளிச்சம் வேண்டும். 100 முதல் 300 லூமன் போதும். அதற்கு மேல் போனால் வீல் ரிம்மில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும்.

எங்கள் வண்டியில் ராத்திரி எங்கே நிறுத்தினாலும் ஒரு சுற்று வருவோம். ஜோடி டயருக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா, ஸ்பிரிங் பட்டா உடைந்திருக்கிறதா, ஹப்பிலிருந்து கிரீஸ் ஒழுகுகிறதா, தார்ப்பாய் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் தலை திரும்புகிற, எல் வடிவ டார்ச்தான் தோது. சட்டைப் பையில் மாட்டினால் முன்னால் அடிக்கும். பின்பக்கம் காந்தம் இருந்தால் சேஸிஸில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம்.

காந்தத்தை நம்புவதற்கு முன் உங்கள் காரில் ஒட்டிப் பாருங்கள். சில கார்களில் பானட் அலுமினியம், சிலவற்றில் முன் மட்கார்டு பிளாஸ்டிக். ஒட்டாது. பெயின்ட் மேல் ஒட்டுவதாக இருந்தால் காந்தத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், அதில் இரும்புத் தூள் பிடித்திருந்தால் கீறல் விழும். கார் ஓடும்போது காந்தத்தால் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள். நின்ற வண்டிக்குத்தான் காந்தம்.

லாரிக்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு: நம் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். காருக்கென்று விற்கிற 12 வோல்ட் சார்ஜரைப் போட்டால் புகைந்துவிடும். 12-24 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

---

ஸ்காபரோ_பனி (ரொறன்ரோ)

எங்கடை பக்கம் பிரச்சினை தலைகீழ். ஜனவரியில் வெளியில் நிற்கும் காருக்குள் மைனஸ் 20 வரும். அல்கலைன் பற்றறி அந்தக் குளிரில் கிட்டத்தட்டச் செத்துப்போகும். ரோச்சை அழுத்தினால் மங்கலாய் ஒரு வெளிச்சம் வரும், பிறகு அதுவும் இல்லை. சார்ஜ் பண்ணுகிற லித்தியம் அயான் எரியும், ஆனால் நேரம் குறையும். முக்கியமான விசயம், பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாய்ப் படிந்து செல் பழுதாகும். காரை ஸ்டார்ட் பண்ணின உடனே யூஎஸ்பி வயரைக் கொழுவிச் சார்ஜில் போடுகிற ஆட்கள் இதைக் கவனிக்க வேணும்.

ஆகவே சார்ஜ் ஏற்றாத லித்தியம் என்பது வெயிலுக்கும் சரி, பனிக்கும் சரி. நான் சிஆர்123ஏ போட்ட ரோச் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று வோல்ட், பத்து வருசம் வைப்பிலிருக்கும் என்று போட்டிருக்கிறான். ஓசூரில் அந்த அளவு செல் ஒவ்வொரு கடையிலும் கிடைக்குமோ தெரியாது, ஏஏ என்றால் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். அவசரத்துக்கு அல்கலைன் போட்டு எரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். அந்த வசதிக்காகவே தங்கச்சிக்கு ஏஏ ரோச் நல்லது என்பேன்.

சுவிச்சையும் பாருங்கோ. கையுறை போட்ட விரலால் அழுத்த முடிகிறதா என்பது எங்களுக்கு. உங்களுக்கு மழையில் நனைந்த கை, கிரீஸ் பட்ட கை. வழுக்காத பெரிய பட்டன் வேணும். ஒரு அழுத்தில் எரிய வேணும். மூன்று தரம் அழுத்தினால் மின்னும், பிடித்துக்கொண்டிருந்தால் கூடும் குறையும் என்கிற விளையாட்டெல்லாம் இருட்டில் ரயர் போன நேரத்தில் உதவாது.

---

புதுசா_கார்

எல்லோருக்கும் நன்றி. ஏஏ என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஏஏ போடுகிற, பின்பக்கம் காந்தம் உள்ள எல் வடிவ டார்ச் ஒன்று பட்ஜெட்டுக்குள் பார்த்தேன். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறது, மழைக்குத் தாங்குமா?

இடம்தான் இன்னும் குழப்பம். டிரைவர் கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், கிளவ் பாக்ஸில் பேப்பர்கள். டிரைவர் சீட்டுக்குக் கீழே வைக்கலாமா? வெல்க்ரோ டேப் ஒட்டினால் நிற்குமா?

---

மின்பட்டறை

ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். கிடைத்தால் நல்லது, கட்டாயமில்லை.

சீட்டுக்குக் கீழே சும்மா போட்டுவைப்பது ஆபத்து, அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உருண்டையான பொருள் முன்னால் உருண்டு வரும். டிரைவர் பக்கம் அது வந்து சேரும் இடம் பிரேக் பெடலுக்கு அடியில்தான். தொப்பூர் இறக்கத்தில் பெடலுக்கு அடியில் டார்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டார்ச் டிரைவர் பக்கம் இருக்கட்டும், ஆனால் இறுகப் பிடிக்கப்பட்டு இருக்கட்டும்.

இடத்தைத் தேட ஒரு வழி. சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட் போடுங்கள். கண்ணை மூடுங்கள். பெல்ட்டைக் கழற்றாமல், முதுகைச் சீட்டிலிருந்து எடுக்காமல், வலது கை எங்கெங்கே போகிறது, இடது கை எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு கைக்கும் எட்டுகிற இடம் கிடைத்தால் அதுதான். உங்கள் கணவரும் சீட்டை அவருக்கு ஏற்றபடி தள்ளிவைத்து இதைச் செய்து பார்க்கட்டும். ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் இரண்டு இடம் தேறும்: சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டம், அல்லது கியர் கன்சோலின் பக்கவாட்டில் டிரைவரின் இடது முழங்கால் பக்கம்.

கூடாத இடங்கள் இவை. முன் கண்ணாடியை ஒட்டிய தூண், கதவுக்கு மேலே கூரை ஓரம்: கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அது அங்கேதான் இருக்கும். சீட் முதுகின் கதவுப் பக்க ஓரம்: பக்கவாட்டு ஏர்பேக். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் ஏர்பேக் சில கார்களில் உண்டு. ஏர்பேக் விரிவது கண் சிமிட்டுவதைவிட வேகம். அதன் வழியில் இருக்கும் எதுவும் முகத்தை நோக்கித்தான் வரும். சீட்டுக்குக் கீழே கை விடும்போது மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள். அது ஏர்பேக், பெல்ட் டென்ஷனர் வயரிங்.

வெல்க்ரோவுக்கு வருவோம். கார் உள் பேனல்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலின், மேலே சொரசொரப்பு வேறு. பசை பிடிக்கவே பிடிக்காத பிளாஸ்டிக் அது. சர்வீஸ் சென்டரில் பளபளவென்று சிலிக்கான் டேஷ்போர்டு பாலிஷ் போட்டுவிட்டிருந்தால் இன்னும் மோசம். பசை நிற்க வேண்டுமானால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து, பிரைமர் தடவி, ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். விஎச்பி மாதிரி நல்ல இரட்டைப் பக்க டேப்பே முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் வெயிலில் பசை இளகும். இழுத்து இழுத்து எடுக்கிற பொருளுக்கு வெல்க்ரோவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே பசை வேண்டாம், இரும்பைப் பிடியுங்கள். சீட் சட்டத்தின் குழாயில் ரப்பர் வைத்த பி-கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் உலோக வளையம்) ஒன்று, அதில் போல்ட் போட்டு ஸ்பிரிங் கிளிப் ஒன்று. சுவரில் சுத்தியல், ஸ்குரூ டிரைவர் மாட்டிவைக்க ஹார்டுவேர் கடையில் விற்பார்களே, அந்த எஃகு கிளிப்தான். டார்ச்சின் தடிமனைவிடக் கொஞ்சம் சின்ன அளவில் வாங்குங்கள், இறுகப் பிடிக்கும். கிளிப்பின் மேல் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுச் சுருக்கிவிட்டால் கடகட சத்தமும் வராது, டார்ச்சிலும் கீறல் விழாது. கிளிப்பைக் காருக்குக் குறுக்காக, அதாவது டார்ச் இடவலமாகப் படுத்திருக்கும்படி வையுங்கள். கார் முட்டும்போது விசை முன்பக்கமாக வரும். டார்ச்சின் நீளம் அதே திசையில் இருந்தால் கிளிப்பிலிருந்து ஊசிபோல் உருவிக்கொண்டு போய்விடும். கிளிப்பின் வாயும் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் திறந்திருந்தால் முட்டும்போது அதன் வழியாகவே டார்ச் வெளியே வந்துவிடும்.

எல் வடிவ டார்ச் கிளிப்பில் சரியாக உட்காராவிட்டால் நேர் டார்ச்சே வாங்குங்கள். காந்தத்துக்காக இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

---

ரப்பர்_காடு (மார்த்தாண்டம்)

ஒருவரும் தலையில் கட்டுகிற லைட்டைச் சொல்லவில்லையே! எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்னாலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். தலையில் லைட், ஒரு கையில் கத்தி, பட்டையில் மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. அந்த நுணுக்கமான வேலையைத் தலை லைட்டில்தான் செய்கிறார்கள். வீல் நட்டுக் கழற்றுவது அதைவிடக் கஷ்டமா?

நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே வெளிச்சம் விழும். ஜாக்கி வைக்கிற இடம் காரின் அடியில், குனிந்து படுத்துப் பார்க்க வேண்டும். காந்த டார்ச்சை எங்கே ஒட்டினாலும் நம் கை நிழல் குறுக்கே விழும். தலை லைட்டில் அந்தத் தொல்லை இல்லை. ரப்பர் பட்டியோடு கிளவ் பாக்ஸில் ஒரு ஓரத்தில் கிடக்கும், எடையும் இல்லை. மாட்டுவதற்குக் கிளிப் கிளாம்ப் ஒன்றும் தேவையில்லை.

---

நாப்பதாவது_வளைவு (வால்பாறை)

ரப்பர் காடு சொல்வது தோட்டத்துக்குச் சரி, பனிமூட்டத்துக்கு இல்லை. ஆழியாறிலிருந்து எங்கள் ஊருக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் பாதி வளைவுக்கு மேல் மூட்டம்தான். தலையில் லைட் கட்டினால் ஒளி கிளம்பும் இடமும் கண்ணும் ஒரே உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நீர்த்துளியில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் தெரியும். டார்ச்சைக் கையில் எடுத்து இடுப்புக்குக் கீழே பிடித்து அடித்தால் தரை தெரியும். காரில் ஃபாக் லைட்டைக் கீழே வைப்பதும் இதனால்தான்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். 4,000 கெல்வின் பக்கம், நிறங்களை உள்ளபடி காட்டுகிற (சிஆர்ஐ 90க்கு மேல்) எல்இடி இருந்தால், கீழே ஒழுகியிருப்பது கூலன்ட்டா, பிரேக் ஆயிலா, இன்ஜின் ஆயிலா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். மலிவு எல்இடியில் எல்லாம் ஒரே சாம்பல்.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். மலைப்பாதையில் நல்ல டார்ச் கைக்கு வந்ததும் காட்டுக்குள் அடித்துப் பார்க்காதீர்கள். யானை நிற்கும் பக்கம் வெளிச்சம் அடித்துவிட்டுப் பிறகு ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு வயிறு எரிகிறது. அதுவும் மிரளும், உங்களுக்குப் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கும் ஆபத்து.

---

லோடு_வண்டி

தலை லைட்டில் எனக்கு இருக்கிற குறை வேறு. அதைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பவர், வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்க்கிற திசையில்தான் வெளிச்சமும் போகும், எதிரே வருகிற டிரைவரின் கண்ணில். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அது அடித்தால் சில நொடி ஒன்றும் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். அந்தச் சில நொடியில் வண்டி எங்கேயோ போய்விடும். கட்டினால் தலையைக் குனிந்தே வைத்திருங்கள், மங்கலான அளவில் வையுங்கள்.

டார்ச்சை ஆட்டி வண்டிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் எதிரே பைக் வருகிறது என்றுதான் டிரைவர் நினைப்பார், நிற்கிற வண்டி என்று தோன்றாது. எச்சரிக்கைக்குச் சிவப்பு முக்கோணம் இருக்கிறது. வண்டி வாங்கும்போது கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி. பலர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். அதை முதலில் வையுங்கள், ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். தங்கச்சி, நீங்கள் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய்க்குள் பஞ்சர் ஆனால் டயர் மாற்ற உட்காரவே உட்காராதீர்கள். இறக்கத்தில் பிரேக் சூடாகிக் கட்டுப்பாடு இல்லாமல் வருகிற லாரிகள் அங்கே புதிதில்லை. காற்று இல்லாத டயரிலேயே மெதுவாக உருட்டி அகலமான இடத்துக்குப் போங்கள். ரிம் போனால் போகட்டும். முடியாவிட்டால் காரை விட்டு இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏறி நின்றுகொண்டு 1033க்கு அடியுங்கள். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது.

---

எப்பவும்_சார்ஜ் (சென்னை)

தாமதமாக வருகிறேன். ஏஏ லித்தியம் என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தது எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் போலீஸ் காரிலும் தீயணைப்பு வண்டியிலும் என்ன செய்கிறார்கள்? மேக்லைட்டின் மேக் சார்ஜர், ஸ்ட்ரீம்லைட்டின் ஸ்டிங்கர், இவற்றுக்கெல்லாம் வண்டியிலேயே திருகி மாட்டுகிற சார்ஜர் ஹோல்டர் வரும். டார்ச்சை அதில் வைத்தால் பிடிப்பும் ஆயிற்று, சார்ஜும் ஆயிற்று. எப்போது எடுத்தாலும் முழு வெளிச்சம். அந்த டார்ச்சுகள் ரொம்ப நாள் நிக்கல் பேட்டரியில் ஓடியவை. அந்த ஏற்பாட்டை நாமும் செய்யலாம். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகிக் கூடுதல் வயர் எடுக்கும் இணைப்பு) மூலம் ஒரு லைன், அதில் 12 வோல்ட்டை 5 ஆக்குகிற யூஎஸ்பி மாட்யூல், டார்ச் எப்போதும் வயரில். பேட்டரி செத்துவிட்டதா என்று கவலையே வேண்டாம்.

---

மின்பட்டறை

அந்த ஹோல்டர்கள் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் போலீஸ்காரர் ஒரு ஷிப்ட் முழுக்க அந்த டார்ச்சை எடுத்து எரித்து, திரும்ப வைக்கிறார். அதற்குச் சார்ஜ் வேண்டும். இவர்கள் கார் டார்ச் பல மாதம் தொடப்படாமல் கிடக்கும். அப்படிக் கிடக்கும் லித்தியம் அயான் செல்லை எப்போதும் முழுச் சார்ஜில், அதுவும் சூட்டில் வைத்திருப்பதுதான் அதைச் சீக்கிரம் கொல்லும்.

கார் பேட்டரியையும் கணக்குப் போடுங்கள். சாவி எடுத்த பிறகும் கரண்ட் வருகிற லைனில் மாட்டினால், அந்த மாட்யூல் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர், ஒரு மாதத்துக்கு 14க்கு மேல். சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து சாவியைத் திருகினால் சிரமப்படும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை வாரண்டி உள்ள காரில் தெருமுனைக் கடையில் செய்யாதீர்கள். வயரை வெட்டிச் செருகி டேப் சுற்றிய வேலை என்னிடம் ரிப்பேருக்கு நிறைய வருகிறது.

---

எப்பவும்_சார்ஜ்

முழுச் சார்ஜ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தினமும் ஓடுகிற டாக்ஸிக்காரருக்கு, இரவு ரோந்து போகிறவருக்கு என் வழிதான் நல்லது என்பதில் நான் மாறவில்லை. பயன்படுத்தாமல் கிடக்கிற டார்ச்சுக்கு ஏஏ, தினமும் எரிகிற டார்ச்சுக்கு வயர். இனெலூப் மாதிரி சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் ஏஏ போட்டு வாரம் ஒருமுறை வீட்டில் சார்ஜ் போடுவதும் நடுவழிதான், சூட்டில் அதுவும் தானாக இறங்கும் என்பதை நினைவில் வைத்தால் சரி.

---

ஸ்காபரோ_பனி

ஒரு சின்ன விசயம் விடுபட்டுப்போச்சு. வால்ப்பக்க மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல ரோச்சுகளில் சுற்று அறுந்துவிடும். கிளிப்பில் அமர்ந்து தானாக அழுத்துப்பட்டு எரிந்து தீராது. எலக்ட்ரானிக் சுவிச் உள்ளவை அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும், அதுவும் நிற்கும். திருகின் பள்ளங்களில் பூச்சு பூசிய அலுமினிய ரோச்சுக்குத்தான் இது வேலை செய்யும். வாங்கினதும் சோதித்துப் பாருங்கோ. எடுக்கும்போது மூடியை இறுக்க வேணும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட வேணும்.

---

புதுசா_கார்

வாங்கி மாட்டியாகிவிட்டது. நேர் டார்ச், இரண்டு ஏஏ, அதிகபட்சம் 300 லூமன், பின்பக்கம் பட்டையான காந்தம். எங்கள் காரின் பானட்டில் ஒட்டுகிறது, முன் மட்கார்டில் ஒட்டவில்லை. கண்ணை மூடிப் பார்த்ததில் கன்சோல் பக்கம் என் கணவருக்கு முழங்கால் இடித்தது, அதனால் சீட் முன் சட்டம்தான். பி-கிளாம்ப், எஃகு கிளிப், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. மஞ்சள் கனெக்டர் சீட்டின் பின்பாதியில் இருந்தது, அந்தப் பக்கமே போகவில்லை. லித்தியம் செல் ஆன்லைனில் வாங்கினோம், வாங்கிய மாதத்தை மார்க்கரால் செல் மேலேயே எழுதிவைத்திருக்கிறேன். தலை லைட் ஒன்றும் வாங்கி முக்கோணத்தோடு டிக்கியில் வைத்தாயிற்று, ரப்பர் காடு அண்ணன் சொன்னது நிழல் விஷயத்தில் உண்மைதான்.

ஒரு சந்தேகம். சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் டார்ச்சின் நுனி கால் மிதிக்குப் பக்கத்தில் வருகிறது. பரவாயில்லையா?

---

மின்பட்டறை

பெடலுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் ஷூ போட்ட கால் தாராளமாகப் போய் வர வேண்டும். சீட் முழுக்க முன்னால் இருக்கும்போது உட்கார்ந்து, கிளட்சையும் பிரேக்கையும் முழுக்க அழுத்தி, காலைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். குதிகால் டார்ச்சில் ஒருமுறை உரசினாலும் கிளிப்பைச் சட்டத்தின் இடது ஓரத்துக்கு, கன்சோல் பக்கம் நகர்த்திவிடுங்கள். நகர்த்தும்போது கிளாம்ப் போல்ட்டில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போடுங்கள், சாதாரண நட் அதிர்வில் தளரும்.

---

புதுசா_கார்

உரசியது. இடது ஓரத்துக்கு நகர்த்தி நைலாக் நட் போட்டுவிட்டோம். இப்போது இருவர் காலுக்கும் இடிக்கவில்லை.